கடினம் என்ற பொத்தான்

எம்-டூ அரியர். இது ஐந்தாவது தடவை.
பரீட்சைக்கு இன்னும் பத்தொன்பது நாள்.
ஆரல்வாய்மொழி பங்கில் ராத்திரி டூட்டி.
பன்னிரண்டுக்கு மேல் டாரஸ் லாரிகள் மட்டும்,
கேரளாவுக்குக் கல் சுமந்து போகிறவை.
ஒன்று போய் அடுத்தது வருமுன்
எனக்கு ஒரு கணக்கு.

ஃபோனில் செயலி அதைச் செய்து தருகிறது.
மூன்று பொத்தான்: எளிது, நடுத்தரம், கடினம்.

கணவாய்க் காற்று தாளைப் பிடுங்கும்.
ஒரு லிட்டர் ஆயில் டப்பாவை மேலே வைத்து
அதைச் சுற்றி எழுதுகிறேன்.
எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும்
நடுவில் ஒரு எண்ணெய் வட்டம்.

எளிதில் இரண்டு மாதம் குடியிருந்தேன்.
நாலு எக்ஸ் கனம், கழித்தல் ஒன்பது எக்ஸ்.
வகையிடு.
பன்னிரண்டு எக்ஸ் வர்க்கம், கழித்தல் ஒன்பது.
பச்சை டிக்.
நேற்றைய சட்டைதான், வேறு நிறத்தில்.
"மக்கா தாணு, இன்னும் ஒண்ணாங்கிளாஸ்தானா?"
என்பான் மரிய செல்வின்.
இருபத்தாறு வருஷத்தில் என்னை யாரும்
இத்தனை தடவை சரி என்று சொன்னதில்லை.
அதை அவனிடம் சொல்லவில்லை.

நடுத்தரத்துக்கு ஏற்றிவிட்டதும் அவன்தான், தெரியாமலே.
இரண்டு சார்புகளின் பெருக்கல் வந்தால்
இரண்டையும் ஒரேயடியாக மாற்றிவிடுவேன். சிவப்புப் பெருக்கல் குறி.
ஒரு காலையில் ஷிப்ட் மாறும்போது பிடிபட்டது:
அவன் பம்பில் நிற்க நான் உடை மாற்ற வேண்டும்,
நான் நிற்க அவன் மாற்ற வேண்டும்,
இரண்டையும் கூட்ட வேண்டும்.
இரண்டு பேரும் சேர்ந்து மாறப் போனால்
பங்க் சும்மா கிடக்கும்.

பல்கலைக்கழகத் தாளில் பழைய கேள்விகளே சுற்றி வரும்.
சீனியர்கள் மனப்பாடம் செய்தார்கள், தேறினார்கள்.
நானும் செய்தேன்.
இங்கே மனப்பாடத்துக்கு ஒன்றுமில்லை.
பதினேழும் நாற்பத்துமூன்றும் சேர்ந்த இந்தக் கணக்கு
அநேகமாக யாருக்கும் வந்திருக்காது, இனி வராது.
போட்டு முடித்ததும் அழிந்துவிடும்.
அதனால் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில்
ஒவ்வொன்றையும் எழுதிவைக்கிறேன்.
முதலாளி கேட்டால் டீசல் கணக்கு என்பேன்.

ஆனி கடைசியில் கடினத்தை அழுத்தினேன்.
இ-யின் மேலே எக்ஸ் வர்க்கம். தொகையிடு.
பார்க்கச் சின்னக் கணக்கு.
முதல் ராத்திரி பிரதியிட்டுப் பார்த்தேன்.
இரண்டாவது ராத்திரி பகுதி பகுதியாக.
மூன்றாவது ராத்திரி
எழுபது லிட்டர் கேட்டவருக்கு நூறு அடித்தேன்.
"எந்தாடோ இது!" என்று அவர் இறங்கி வந்தார்,
மீட்டரை, தாளை, என்னை வரிசையாகப் பார்த்தார்,
காசை எண்ணிக் கொடுத்துவிட்டு ஏறிப் போனார்.
அதுதான் கூச்சமாயிருந்தது.

விடை காட்டு, என்றேன்.
இதற்குத் தொகை உண்டு, என்றது செயலி.
ஆனால் நாம் அறிந்த சார்புகளால்
அதை எழுதிவிட முடியாது.
இது தவறுதலாக உருவான கணக்கு. மன்னிக்கவும்.

மூன்று ராத்திரி.
புகார் செய் என்று கீழே ஒரு பொத்தான்.
விரலைக் கொண்டுபோய்த் திரும்ப எடுத்துக்கொண்டேன்.
இருக்கிறது, எழுத வராது:
இப்படி ஒன்றை எந்த வாத்தியாரும்
கரும்பலகையில் போட்டதில்லை எனக்கு.

பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை எடுத்துக்கொண்டு
பத்துப் பட்டையாக நறுக்கினேன், கால்குலேட்டர் வைத்து.
இடையில் இரண்டு லாரி. லிட்டர் சரியாக அடித்தேன்.
மலையடிவாரத்துக் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
சாரலில் மங்கின, தெளிந்தன.
நாலு மணிக்கு விடை:
ஒன்று, புள்ளி, நாலு, ஆறு.
மூன்றாம் இடத்தில் எனக்கு ஏழு, செயலிக்கு இரண்டு.
இன்னும் மெல்லிசாக நறுக்கியிருக்க வேண்டும்.

நாலரைக்கு எளிதுக்குத் திரும்பினேன்.
பத்துக் கணக்கு, பத்து டிக்,
தூக்கத்துக்கு முன்னால் குடிக்கிற சுக்குக்காப்பி மாதிரி.
ஆறு மணிக்குச் செல்வின் வந்தான்.
அவன் நின்றான்,
நான் மாறினேன்.